வாசிக்க ஆள் இருந்தால் பிள்ளைகள் எழுதுவார்கள்

பத்தாம் வகுப்புத் தமிழில் ஒரு கடிதம் உண்டு. உணவு விடுதியில் கொடுத்த சாப்பாடு தரமாக இல்லை, விலையும் கூடுதல், உரிய சான்றுகளோடு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுத வேண்டும். பிள்ளைகள் அதை மனப்பாடமாகவே எழுதுவார்கள். அனுப்புநர் என்று போட்டு அஅஅ, ஊர் இருக்கும் இடத்தில் ஆஆஆ, கடைசியில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் உறைமேல் முகவரி. கைடில் இருக்கிற அதே வரிகள், அதே கெட்டுப்போன சாம்பார். யாரோ ஒருவர் யாருக்கோ எழுதுகிற கடிதம் அது, எந்தத் தபால்பெட்டிக்கும் போகாது, சிவப்பு மை பேனாவோடு முடிந்துவிடும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டை நம்பி வாழ்கிற கிராமங்கள். என் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்பாது. இடைவேளையில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் தெரியும், ஒரு சின்னச் சண்டையை எவ்வளவு கச்சிதமாக, யார் முதலில் கை நீட்டினது, அப்போது யார் பக்கத்தில் நின்றது, வாத்தியார் வந்ததும் யார் நல்ல பிள்ளை ஆனது என்று வரிசை மாறாமல் சொல்வார்கள். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வராதா? எதிரே கேட்கிறவர் முகம் இருப்பதால் வாய் பேசுகிறது, தாளுக்கு எதிரே முகம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்பதாம் வகுப்புக்கு என்று ஒரு வலைப்பூ, அதாவது பிளாக், தொடங்கியதே அந்த முகத்தைக் கொண்டுவருவதற்குத்தான்.

வகுப்பறையில் வலைப்பூ என்றதும் பலரும் முதலில் கேட்பது எந்தத் தளம், எந்த வடிவமைப்பு, கணினி இருக்கிறதா என்றுதான். அது அரை நாள் வேலை. கூகுளின் பிளாகரில் இலவசமாகத் தொடங்கலாம், வேண்டுமானால் அழைத்தவர்கள் மட்டும் வாசிக்கும்படி பூட்டி வைக்கலாம், வாசிக்கிறவர்கள் பதிவின் கீழே எழுதும் பின்னூட்டங்களை ஆசிரியர் பார்த்த பிறகே வெளியே விடலாம். எங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, அதில் கிடைக்கிற பாடவேளை போதும். ஆளுக்கொரு வலைப்பூ வேண்டாம், வகுப்புக்கு ஒன்று போதும். ஆளுக்கொன்று தொடங்கினால் இரண்டாவது மாதமே பாதி வலைப்பூக்கள் ஆள் வராமல் கிடக்கும், ஆள் வராத இடத்தில் எழுதுவதும் பரீட்சைத் தாளில் எழுதுவதும் பிள்ளைக்கு ஒன்றுதான்.

எங்கள் முறை இது. முதலில் நோட்டில் கையால் எழுத வேண்டும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதினவர் பேசாமல் கேட்கணும். வாசிக்கிறவர் எங்கே திக்குகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்த இடங்களைத் திருத்திய பிறகுதான் தட்டச்சு.

தட்டச்சைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கிற முறை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அதில் மரமா மறமா, பனியா பணியா என்று முடிவு செய்வது போன், பிள்ளை இல்லை. மேலே முதலில் வருகிற சொல்லைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் லேபில் தமிழ்99 விசைப்பலகைதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும். ங வந்து பிறகு க வந்தாலும், ந வந்து பிறகு த வந்தாலும் அப்படியே. மெல்லினத்துக்கு எது இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது கொட்டாவி விட்ட பையன், லேபில் "ண-வுக்கு ட தான் ஜோடி, அதான் புள்ளி தானா வருது" என்று பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். குரல் தட்டச்சை நான் தடுப்பதில்லை, கை வேகம் வராத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, ஆனால் வந்து விழுந்ததை உட்கார்ந்து திருத்த வேண்டும்.

சரி, எதை எழுதச் சொல்வது? "என் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தால் எல்லோருடைய ஊரும் இயற்கை எழில் கொஞ்சும் ஊராகிவிடும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு மட்டும் பதில் தெரிந்ததாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பார்கள், எழுந்து என்ன செய்வார்கள்? உங்கள் தெருவில் எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், எழுதி வைப்பார்களா, ஞாபகத்திலேயே வைத்திருப்பார்களா? இப்படிக் கேட்டால் கைடில் விடை கிடைக்காது. இப்போது வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்டாலும் அந்தக் கடைக்கார அண்ணனின் கடன் நோட்டைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. காப்பியடிப்பதைத் தடுக்க நான் வேறு எதுவும் செய்வதில்லை, செய்யத் தேவையும் வரவில்லை.

ஒரு பெண் மல்லிகை பறிப்பதைப் பற்றி எழுதினாள். விடியும் முன்னால், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அம்மாவோடு போய்ப் பறித்துவிட்டு வந்து, குளித்து, பள்ளிக்கூடம் வருகிறாள். முதல் பிரதி நாலே வரி. அவளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை, தினமும் செய்கிற வேலைதானே. சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் பழைய மாணவர் ஒருவர் கீழே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் இருட்டில் பறிக்க வேண்டும், வெளிச்சம் வந்து பறித்தால் என்ன? அடுத்த நாள் அவள் எழுதிக் கொண்டுவந்தது ஒன்றரைப் பக்கம். மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் அரும்பு வாட ஆரம்பிக்கும், மார்க்கெட்டுக்குப் பிந்திப் போனால் விலை இறங்கிவிடும், விரல் நுனியால் காம்போடு எப்படிக் கிள்ளணும், பனி அதிகமான மாதங்களில் பூ குறைந்து விலை எப்படி ஏறும், முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வீட்டில் எல்லோரும் எப்படி ஓடுவார்கள். அவளை நான் கேட்டிருந்தால் எழுதியிருப்பாளா? மாட்டாள். எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத ஒருவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுதான் அந்த ஒன்றரைப் பக்கத்தை வரவழைத்தது.

இன்னொரு பையன், வீட்டு மாட்டுக்கு மடிநோய் வந்தபோது அவன் அப்பத்தா செய்த வைத்தியத்தை எழுதினான். சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசினார்களாம். எவ்வளவு சுண்ணாம்பு என்று ஒருவர் கேட்டார். இவன் போய் அப்பத்தாவைக் கேட்டான், "கொட்டப்பாக்கு அளவு" என்று பதில் வந்தது. கேட்டவருக்கு அது போதவில்லை, கிராமில் சொல் தம்பி என்றார். அப்புறம் வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து தேடினோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் சொல்லிக்கொடுக்கிற மரபுவழி மருத்துவத்தில் இதே மூன்று பொருளும் இருக்கின்றன, கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அப்பத்தா சொன்னதும் பல்கலைக்கழகம் சொல்வதும் ஒன்று என்று தெரிந்த அன்று அந்தப் பையன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பின்னூட்டத்தால் அவன் பேட்டி எடுத்தான், அளவை மாற்றினான், தகவலைச் சரிபார்த்தான், கட்டுரையைத் திருத்தினான். பாடத்திட்டத்தில் நான்கு வெவ்வேறு கற்றல் விளைவுகளாக எழுதி வைத்திருக்கும் விஷயங்கள் இவை.

அதனால்தான் சொல்கிறேன், வகுப்பு வலைப்பூவில் ஆசிரியருக்கு இருக்கிற பெரிய வேலை வாசகர்களைச் சேர்ப்பதுதான். நான் இதற்காகவே ஆள் தேடினேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிற ஒருவர், பழைய மாணவர்கள், வேறு ஊரில் இருக்கிற ஆசிரியத் தோழிகள். அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பாராட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குப் புரியாததை, இன்னும் தெரிய வேண்டியதைக் கேளுங்கள்.

தமிழ் வலைப்பூக்கள் நிறைந்திருந்த காலத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். 2004க்குப் பிறகு புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வந்து யார் எழுதினாலும் உடனே பத்துப் பேர் பார்க்க வழி கிடைத்தபோது, அதுவரை ஒரு வரியும் எழுதாத எத்தனையோ பேர், வங்கியில் வேலை பார்த்தவர், வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போனவர், வீட்டிலிருந்த பெண்கள் என்று எழுத வந்தார்கள். அவர்களை எழுத வைத்தது பின்னூட்டம். அதே காலத்தில் மொய் வைப்பதும் இருந்தது. நீ எனக்கு அருமை என்று போட்டாய், நான் உனக்கு அருமை என்று போடுகிறேன். அதில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளும் முதலில் மொய்தான் வைப்பார்கள். சூப்பர், செம, ஒரு இதயப் படம். அதனால் பின்னூட்டம் எழுதுவதையே தனிப் பாடமாக நடத்துகிறேன். ஒரு பதிவைக் கரும்பலகையில் எழுதி, இதில் உனக்குப் புதிதாகத் தெரிந்தது எது, எந்த வரியில் உனக்குப் படம் தெரிந்தது, எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்று வகுப்பே பேசும். பிறகு நோட்டில் பின்னூட்டம் எழுதிக் காட்டிய பிறகே லேபுக்கு. உண்மையைச் சொன்னால் பதிவு எழுதுவதைவிடப் பின்னூட்டம் எழுதுவதில்தான் பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் முழுதாக வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் இணையம் வந்த பிறகு தோன்றிய யோசனை என்று நினைத்தால் அது சரியில்லை. பிரான்சில் சிலெஸ்டின் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர், முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், வகுப்பில் நெடுநேரம் நின்று பேச முடியாதவர். 1920இல் பார்-சூர்-லூ என்ற சின்ன ஊரின் பள்ளிக்கு வந்தார். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் நகரத்துக்குப் பக்கம், அங்கேயும் மல்லிகை உண்டு என்பதால் எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பிரியம். 1920களின் நடுவில் அவர் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஊருக்குள் நடந்து போய்ப் பார்த்ததை எழுதினார்கள், தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள், அதைத் தூரத்தில், பிரான்சின் மேற்குக் கோடியில் பிரித்தானிக் கடலோரத்தில் இருந்த ட்ரெகங் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து கடலைப் பற்றிப் பதில் வந்தது. மலைப் பக்கத்துப் பிள்ளைகளும் கடல் பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவர் வாழ்க்கையை ஒருவருக்கு விளக்க வேண்டியிருந்ததால் எழுதினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது, இன்றைக்கும் வகுப்பறை வலைப்பூவுக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியாது.

அதே காலத்தில் போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், பிள்ளைகளுக்காக எழுதியவர், ஒரு யூத நாளிதழின் வாராந்தர இணைப்பாகப் பிள்ளைகளே எழுதும் பத்திரிகையை 1926 அக்டோபரில் தொடங்கினார். பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள், சின்னப் பிள்ளை எழுதினது என்று ஒதுக்காமல் அதைச் செய்தியாகவே அச்சிட்டார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கும் வரை வந்துகொண்டிருந்தது. நம் பள்ளிகளில் இருந்த கையெழுத்துப் பத்திரிகையும் இதே மாதிரிதான், ஒரே பிரதி, அட்டை போட்டு, கடைசியில் வாசகர் கருத்துக்கென்று வெற்றுப் பக்கங்கள் விட்டு. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்கள் நடத்துவதும் நல்ல விஷயம். ஆனால் அச்சில் வருகிற வாய்ப்பு மாநிலம் முழுவதிலும் சில பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும், வகுப்பு வலைப்பூவில் எல்லோருக்கும் கிடைக்கும். கடைசிப் பெஞ்சுக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிள்ளைகளின் பெயர் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர். முகம் தெரிகிற படம் கிடையாது, பள்ளியின் பெயரும் கிடையாது. எல்லாப் பதிவும் என் கணக்கிலிருந்துதான் ஏறும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறேன். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது, பெற்றோர் சம்மதம் அதில் முக்கியமான விஷயம். சம்மதப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, பெற்றோர் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். பொம்பளப் பிள்ளை எழுதினதை ஊரெல்லாம் பார்க்கணுமா என்று கேட்ட ஒரு அப்பா, தன் மகள் எழுதியதை நான் வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே டீச்சர்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

பிள்ளைகள் உள்ளதை எழுதினால் பெரியவர்களுக்குச் சங்கடம் வரும் என்பதும் உண்மைதான். 2012இல் ஸ்காட்லாந்தில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியில் கொடுக்கிற மதிய உணவைத் தினமும் படமெடுத்து, மதிப்பெண் போட்டு, 'நெவர் செகண்ட்ஸ்' என்ற வலைப்பூவில் எழுதினாள். எழுதிப் பழகத் தொடங்கியதுதான் அது. உலகம் முழுவதும் வாசிக்க ஆரம்பித்ததும் உள்ளாட்சி மன்றம் படமெடுக்கத் தடை போட்டது, பெரிய எதிர்ப்பு வந்து மறுநாளே தடையை எடுத்தது. அவள் வழியாகப் பள்ளி உணவு கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது, அதில் மலாவியில் ஒரு பள்ளிக்குச் சமையற்கூடம் கட்டினார்கள். இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்கிறேன், ஆசிரியர்களிடமும் சொல்கிறேன். எங்கள் கழிப்பறையைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டார். தலைமையாசிரியரிடம் முதலில் காட்டுங்கள், சரிசெய்ய நாள் கேளுங்கள், சரிசெய்த பிறகு அதையும் அந்தப் பிள்ளையே எழுதட்டும் என்றேன். எனக்குத் தோன்றுகிற நேர்மையான வழி அதுதான்.

மதிப்பெண் போடுவதில்லை. போட்டால் மறுபடியும் எனக்காக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், இருக்கிற வீட்டிலும் அப்பா இரவில் வந்தால்தான் போன் கிடைக்கும், டேட்டா தீர்ந்திருக்கும். கொரோனா காலத்தில் இது எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வீட்டில் செய்ய எதுவும் கொடுப்பதில்லை, எல்லாம் பள்ளி நேரத்தில்தான். வாரா வாரம் புதிய பதிவுகளையும் வந்த கேள்விகளையும் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுகிறோம். சத்துணவு சமைக்கிற அக்கா அதை வாசித்துவிட்டுத் தாளிலேயே கேள்வி எழுதிவிட்டுப் போகிறார், அதையும் தட்டச்சு செய்து ஏற்றுகிறோம்.

தமிழுக்கு மட்டும்தான் இது என்றும் இல்லை. அவரை விதை முளைப்பதைத் தினமும் அளந்து எழுதுவதை அறிவியல் ஆசிரியர் இந்த வலைப்பூவிலேயே செய்ய ஆரம்பித்திருக்கிறார். கணக்கில் ஒரு வழிமுறையை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுது என்றால், எழுதுகிற பிள்ளைக்கே எங்கே புரியவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

இந்த ஆண்டு கடலோரத்தில் இருக்கிற ஒரு பள்ளியின் தமிழாசிரியையோடு பேசி, இரண்டு வகுப்பும் ஒருவர் எழுதியதை ஒருவர் வாசிக்கிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் அனுப்பிய முதல் கேள்வி, ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று செய்தியில் பார்த்தோம், அந்த 61 நாளும் வீட்டில் செலவுக்கு என்ன செய்வீர்கள் என்பது. அங்கிருந்து வந்த கேள்வி எங்கள் வகுப்பைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது: மல்லிகை கிலோ 3000 ரூபாய்க்குப் போகிற நாளில் பறிக்கிறவர்களுக்குக் கூலியும் ஏறுமா? தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்குப் பறிக்கப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஒரே பதிலாக எழுத முடியாது என்று அவர்களே பேசி முடிவு செய்து, இரண்டு பதிவாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.